அயவாஸ்கா முகாம்: 950 டாலர், 2,400 டாலர், 5,600 டாலர். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கார்த்திக்_மிசிசாகா

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன ஆவணியில் தவறிவிட்டார். டொராண்டோவில் விமானம் பிடித்துத் திருச்சி போய் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே இருக்கிறேன். அலுவலகத்தில் என்னுடன் வேலை பார்க்கும் கொலம்பியாக்காரர் ஒருவர், தன் தம்பி இறந்த பிறகு பெரு நாட்டுக் காட்டுக்குப் போய், ராத்திரிச் சடங்கில் அயவாஸ்கா என்கிற மனதை மாற்றும் மூலிகைக் கஷாயத்தைக் குடித்ததாகவும், அதற்குப் பிறகுதான் தம்பியின் போட்டோவை வீட்டில் மாட்ட முடிந்ததாகவும் சொன்னார். அந்த வார்த்தை மனதில் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அப்பா போட்டோ இன்னும் அலமாரிக்குள்தான் இருக்கிறது.

மூன்று இடங்களில் விலை கேட்டிருக்கிறேன். விமானச் செலவு தனி, எல்லாம் அமெரிக்க டாலர்.

பெருவில் புக்கல்பா நகருக்குப் பக்கத்தில், 7 நாள், மூன்று ராத்திரிச் சடங்கு: 950.

பெருவிலேயே இக்கிட்டோஸ் நகரிலிருந்து படகில் போகிற இடம், 9 நாள், நான்கு ராத்திரி: 2,400.

கோஸ்டா ரிக்காவில் 7 நாள், நான்கு ராத்திரி, தனி அறை, நீச்சல் குளம், மசாஜ்: 5,600.

மூன்று இடத்திலும் கஷாயத்துக்கு அதே கொடி, அதே இலை. பிறகு எப்படி ஆறு மடங்கு வித்தியாசம் வருகிறது? மலிவாகத் தருகிறவர் ஏமாற்றுகிறாரா, விலை ஏற்றிச் சொல்கிறவர் ஏமாற்றுகிறாரா? முதல் இடத்துக்கு 200 டாலர் முன்பணம் கட்டிவிட்டேன். மார்ச் மாதம் போவதாக இருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மீனா_லீமா

கார்த்திக் தம்பி, அப்பாவுக்கு என் அஞ்சலி. என் அம்மா போனபோதும் நான் இங்கேதான் இருந்தேன். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

என் வீட்டுக்காரருக்கு லீமாவில் சுரங்கக் கம்பெனியில் வேலை. நான் மதுரையில் ஆடிட்டர் ஆபீஸில் ஒன்பது வருடம் கணக்கு எழுதியவள். ஸ்பானிஷ் ஓரளவு பிடிபட்டதும் புக்கல்பா பக்கம் இரண்டு முகாம்களுக்குக் கணக்கு பார்த்தேன். ஒன்றில் ஐந்து மாதம், இன்னொன்றில் ஒரு வருடத்துக்கு மேல். சடங்கில் உட்கார்ந்தது இரண்டே முறை. அதனால் மருந்து என்ன செய்யும் என்று பேச எனக்குத் தகுதி இல்லை. பணம் எங்கே போகிறது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் உங்கள் கேள்வியில் இருக்கிற ஒரு எண்ணத்தை எடுத்துவிடுகிறேன். கொடியும் இலையும் விலையைத் தீர்மானிப்பதில்லை. கொடியைத் தட்டி நசுக்கி, சக்ருனா இலையோடு அடுக்கடுக்காகப் பானையில் போட்டு, விறகடுப்பில் ஒரு பகல் முழுக்கக் காய்ச்சுவார்கள். சக்ருனாவை முகாமிலேயே வளர்த்தோம். கொடியை மூட்டைக் கணக்கில் வாங்கினோம். விறகு, காய்ச்சுகிறவர் கூலி எல்லாம் சேர்த்தும் மொத்தச் செலவில் நூற்றுக்கு நான்கைத் தாண்டியதில்லை. கொடி விலை ஏறிக்கொண்டுதான் போகிறது. நன்றாக முற்ற வருடக்கணக்காகும், வெட்டுகிறவர்களோ கூடிக்கொண்டே போகிறார்கள். எங்கள் மூத்த வைத்தியப் பாட்டி சொல்வார்: "முன்பெல்லாம் வீட்டுக்குப் பின்னால் வெட்டினோம், இப்போது ஒரு நாள் ஆற்றில் போக வேண்டியிருக்கிறது." அப்படியும் உங்கள் 2,400இல் அது சின்னத் தொகைதான்.

பெரிய செலவு ஆள். அதிலும் ராத்திரி விழித்திருக்கிற ஆள்.

ஷிப்பிபோ என்கிற இந்தப் பக்கத்துப் பழங்குடி மக்களின் முறையில் சடங்கு இருட்டிய பிறகு தொடங்கும். மலோக்கா என்கிற பெரிய கூரை மண்டபத்தில் சுற்றி மெத்தை போட்டிருக்கும், ஒவ்வொரு மெத்தைக்கும் பக்கத்தில் வாந்தி எடுக்க ஒரு வாளி. மருந்து குடித்து அரை மணி, முக்கால் மணி கழித்து வைத்தியர் பாட ஆரம்பிப்பார். அந்தப் பாட்டுக்கு இக்காரோ என்று பெயர். எல்லாருக்கும் பொதுவாகப் பாடிவிட்டுப் போவதில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் வந்து உட்கார்ந்து, அவருக்கென்று பத்துப் பதினைந்து நிமிடம் பாட வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். பன்னிரண்டு பேருக்கு இரண்டு வைத்தியர் என்றால் ஆளுக்கு ஆறு பேர், ஒன்றரை மணி நேரம். நிதானமாகச் செய்யலாம். இருபத்தைந்து பேருக்கு ஒரே வைத்தியர் என்றால் விடிந்தாலும் முடியாது. அப்போது என்ன நடக்கும்? நடுவில் உட்கார்ந்து எல்லாருக்கும் சேர்த்துப் பாடிவிட்டு எழுந்து போவார். விலை குறைவதற்கு இது ஒரு முக்கியமான வழி. விளம்பரத்தில் இரண்டுக்கும் "நான்கு சடங்கு" என்றுதான் போட்டிருக்கும்.

அப்புறம் உதவியாளர்கள். மருந்து குடிக்காமல் தெளிவாக உட்கார்ந்திருக்கிறவர்கள். கழிப்பறைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போக, வாளி மாற்ற, பயந்து அழுகிறவர் பக்கத்தில் உட்கார. ஒரு ராத்திரி ஒன்றரை மணி வாக்கில் நல்ல உயரமான மனிதர் ஒருவர் சத்தமே இல்லாமல் எழுந்து, வேலியைத் தாண்டி ஆற்றங்கரைக்கு நடந்துவிட்டார். உதவியாளர் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. அவள் அவரைத் தொடவில்லை, கூப்பிடவில்லை, பத்தடி பின்னாலேயே நடந்து போய் அவர் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் தானும் உட்கார்ந்துவிட்டாள். விடியும்வரை அப்படியே இருந்தார்கள். அவள் அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயம். எங்கள் இரண்டாவது முகாமில் நான்கு விருந்தினருக்கு ஒரு உதவியாளர் என்று வைத்திருந்தோம். ராத்திரி முழித்தவர்கள் மறுநாள் தூங்க வேண்டும், அதனால் பகலுக்கு வேறு ஆட்கள். அதாவது ஒரே வேலைக்கு இரட்டைச் சம்பளம். மலிவு இடங்களில் நான் பார்த்தவரை முதலில் வெட்டுவது இதைத்தான், ஏனென்றால் போட்டோவில் அது தெரியாது.

இடமும் ஒரு காரணம். புக்கல்பாவுக்கு லீமாவிலிருந்து சாலை உண்டு. சிமெண்ட், மெத்தை, பிரிட்ஜ் எல்லாம் லாரியில் வந்துவிடும். இக்கிட்டோஸுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. விமானம் அல்லது ஆறு. புக்கல்பாவில் சரக்குப் படகில் ஏற்றினால் உக்காயாலி ஆற்றில் நாட்கணக்காகப் போகும். அங்கிருந்து உங்கள் முகாமுக்கு இன்னொரு படகு. ஆக, அதே பலகை வீடு அங்கே கட்ட இங்கே ஆவதைவிடக் கூடத்தான் ஆகும். 950க்கும் 2,400க்கும் நடுவில் இருக்கிற தூரத்தில் ஒரு பங்கு இது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இக்கிட்டோஸ் பேர்பெற்ற ஊர் என்பதால் அந்தப் பேருக்கும் கொஞ்சம் சேர்த்துத்தான் கேட்பார்கள்.

கோஸ்டா ரிக்காவில் ஷிப்பிபோ ஊர் எதுவும் கிடையாது. வைத்தியரையே பெருவிலிருந்தோ கொலம்பியாவிலிருந்தோ விமானத்தில் வரவழைக்க வேண்டும். நிலமும் கூலியும் அங்கே பெருவைவிட விலை கூடுதல். அதோடு நீச்சல் குளம், மசாஜ், தனி அறை. அந்த 5,600இல் பாதிக்கு மேல் ஓட்டல் செலவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் டாக்டர், நர்ஸ் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். அது இருந்தால் அந்தப் பங்குக்கு மதிப்பு உண்டு. குளத்துக்கு இல்லை.

விலைக்குக் காரணம் சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். உப்பு இல்லை, சர்க்கரை இல்லை, எண்ணெய் இல்லை, பன்றி இறைச்சி கூடவே கூடாது. வேகவைத்த வாழைக்காய், சோறு, ஓட்ஸ், ஆற்று மீன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு இருபது சோல்கூட (சோல் என்பது பெரு நாணயம்) ஆகவில்லை.

வெளியே யாருக்கும் தெரியாத செலவு காலிப் படுக்கை. மழைக்காலத்தில், பிப்ரவரி மாதம் ஒருமுறை மூன்றே பேர் வந்தார்கள். சமையல்காரம்மா அதே, படகுக்காரர் அதே, காவல்காரர் அதே, வைத்தியர்கள் அதே. ஜூலையில் நிறைந்த முகாம்தான் பிப்ரவரியின் சம்பளத்தைத் தூக்குகிறது. இதைச் செய்யாத முகாம், மழை வந்ததும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஜூனில் புதிய ஆட்களை எடுக்கும். அந்த இருபத்து மூன்று வயதுப் பெண் மாதிரி ஒருத்தி அப்படி உருவாகமாட்டாள்.

இப்போது என் மனதில் இன்றும் ஆறாத விஷயத்துக்கு வருகிறேன். நான் முதலில் வேலை பார்த்த இடம், பேர் வேண்டாம். விருந்தினருக்கு 1,800 டாலர், பன்னிரண்டு பேர், நான்கு ராத்திரி. வரவு 21,600. வைத்தியர்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 150 சோல். கூட்டிப் பாருங்கள், 1,200 சோல், அன்றைய மாற்று விலையில் 320 டாலர். நூற்றுக்கு ஒன்றரை. கையில் அந்த ரசீதை வைத்துக்கொண்டு நான் இரண்டு முறை கூட்டினேன், தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று. வலைத்தளம் முழுக்க அவர்கள் முகம்தான், அந்த அம்மா கட்டிய பூவேலைப் பாவாடைதான். முன்பதிவு செய்து தருகிற தளங்களுக்குப் போன கமிஷன் அதைவிடப் பல மடங்கு. உரிமையாளரிடம் கேட்டேன். "ஊர்க் கூலியோடு ஒப்பிட்டால் இது அதிகம்" என்றார். அந்த அம்மாவின் பேத்திக்குப் பள்ளிக்கூடத்துக்குச் செருப்பு வாங்கக் கடன் கேட்டு வந்தது எனக்குத் தெரியும். இந்தப் படிப்பு பத்து நாளில் வருவதில்லை. மாதக்கணக்காக, வருடக்கணக்காகக் காட்டில் தனியாக இருந்து, பத்தியம் காத்து, ஒவ்வொரு செடியாகக் கற்றுக்கொள்வது. 2008இல் பெரு அரசு அயவாஸ்கா பற்றிய இந்த அறிவைத் தேசத்தின் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தது. அந்தச் சொத்தின் சொந்தக்காரர்களுக்கு நூற்றுக்கு ஒன்றரை. ஐந்தாவது மாதம் வேலையை விட்டேன்.

இரண்டாவது இடத்தை நடத்தியது ஒரு ஷிப்பிபோ குடும்பமே. விலை 1,300. அதில் ஐந்தில் ஒரு பங்கு வைத்தியர்களுக்கு. உதவியாளரும் அங்கே கூட. அதனால் விலை ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது என்று கணக்குப் போடாதீர்கள். இந்த நான்கு கேள்வியைக் கேட்டு மூன்று இடத்துக்கும் எழுதுங்கள். ஒரு சடங்கில் எத்தனை பேர், எத்தனை வைத்தியர்? மருந்து குடிக்காமல் முழித்திருக்கிற ஆட்கள் எத்தனை? ராத்திரி ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு நேரம், படகு தயாராக நிற்குமா? வைத்தியருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்குக் கோபம் வந்தால் அதுவே பதில்.

இன்னொன்று. முன்பணம் வாங்குவதற்கு முன்னால் உங்கள் உடம்பைப் பற்றி, மாத்திரைகளைப் பற்றி அந்த முதல் இடம் ஏதாவது கேட்டதா?

---

சுகந்தி_ஸ்கார்பரோ

மீனா அக்கா கடைசியாகக் கேட்டதைத்தான் நான் முதலில் கேட்க வந்தேன். நான் இங்கே பார்மசிஸ்ட், பதினாறு வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன்.

கார்த்திக், நித்திரைக்கோ மனச்சோர்வுக்கோ ஏதாவது குளிசை பாவிக்கிறீர்களா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கொடியில் ஹார்மின், ஹார்மலின் என்ற பொருட்கள் உண்டு. எங்கள் உடம்பில் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. இலையில் உள்ள, காட்சிகளைத் தருகிற டிஎம்டி என்ற பொருளை அது குடலிலேயே அழித்துவிடும். இலையை மட்டும் அவித்துக் குடித்தால் ஒன்றும் நடக்காது. கொடி அந்த நொதியைத் தடுத்து நிறுத்துகிறது, அதனால்தான் இலை வேலை செய்கிறது. ஆனால் அதே நொதிதான் செரட்டோனின் என்ற, மனநிலையோடு சம்பந்தப்பட்ட மூளைப் பொருளையும் உடைக்கிறது. செரட்டோனினைக் கூட்டுகிற மருந்து ஏற்கெனவே உடம்பில் இருந்தால், இரண்டும் சேர்ந்து அளவு மீறிப் போகலாம். நடுக்கம், வியர்வை, கடும் காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, உயிருக்கே ஆபத்து. செர்ட்ராலின், எஸிட்டலோபிராம், ஃப்ளூஆக்ஸெட்டின் போன்றவை எல்லாம் இதில் அடங்கும். வலிக்கு எடுக்கிற டிராமடால், இருமல் மருந்துகளில் வருகிற டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், இவையும்தான். லித்தியம் எடுப்பவர்கள் கிட்டவே போகக் கூடாது. இருமுனைக் கோளாறு, சைக்கோசிஸ் குடும்பத்தில் இருந்தாலும் நல்ல இடங்கள் எடுப்பதில்லை.

தயவுசெய்து "அப்படியானால் நாளைக்கே குளிசையை நிறுத்துகிறேன்" என்று செய்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவதே தனி ஆபத்து. உடம்பிலிருந்து வெளியேறும் காலமும் மருந்துக்கு மருந்து வேறு. ஃப்ளூஆக்ஸெட்டினுக்கு ஐந்து வாரம் மட்டில் பிடிக்கும். எழுதிக் கொடுத்த டாக்டரோடு பேசாமல் எதையும் மாற்ற வேண்டாம்.

விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. மருந்துப் பட்டியலை வாங்கி, தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும் என்றால் அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

---

கார்த்திக்_மிசிசாகா

இரண்டு அக்காக்களுக்கும் நன்றி. படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எஸிட்டலோபிராம் 10 மில்லிகிராம், எட்டு மாதமாக எடுக்கிறேன். முதல் இடத்தில் யாரும் கேட்கவில்லை. பெயர், பாஸ்போர்ட் எண், டி-ஷர்ட் அளவு கேட்டார்கள். அவ்வளவுதான்.

மீனா அக்கா சொன்ன நான்கு கேள்வியோடு மாத்திரை விஷயத்தையும் சேர்த்து மூன்று இடத்துக்கும் இன்றைக்கே எழுதுகிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.

---

ஹில்ஸ்பரோ_வாசகன்

இது அயவாஸ்கா இல்லை, ஆனாலும் விலைக் கேள்விக்குப் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன். நான் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே 2020இல் ஓட்டெடுப்பில் சட்டம் நிறைவேறி, 2023இலிருந்து உரிமம் பெற்ற மையங்களில் சைலோசைபின் என்ற மனதை மாற்றும் பொருள் உள்ள காளானை எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு பகல். முன்னால் ஒரு சந்திப்பு, பின்னால் ஒரு சந்திப்பு. நான் கட்டியது 1,900 டாலர். காட்டுக்குப் படகு இல்லை, தங்குமிடம் இல்லை, ராத்திரி பாடுகிறவர் இல்லை. காளானின் விலையைத் தனியாக எழுதியிருந்தார்கள், மொத்தத்தில் அது ஒரு ஓரம்.

மற்றதெல்லாம் எங்கே போகிறது என்று அங்கேயே கேட்டேன், பொறுமையாகச் சொன்னார்கள். மையத்துக்கு உரிமக் கட்டணம் வருடத்துக்கு 10,000 டாலர். கூட உட்காருகிற வழிகாட்டிக்குத் தனி உரிமம், வருடம் 2,000. அதற்கு முன்னால் அவர் தன் காசைப் போட்டு மாதக்கணக்கில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். காளான் உரிமம் உள்ள பரிசோதனைக் கூடத்தில் சோதனையாகி வர வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, அங்கேயே எடுத்துக்கொண்டு, விதித்த நேரம் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். ஒரு வழிகாட்டியின் ஒரு முழு நாள் எனக்காகவே போகிறது. இன்ஷூரன்ஸ் தருவதில்லை. இதற்கெல்லாம் மேலே, மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசின் கண்ணில் இது இன்னும் தடை செய்த பொருள். அதனால் மற்றக் கடைக்காரர் வாடகை, சம்பளத்தைக் கழித்துவிட்டு வருமான வரி கட்டுவது போல இவர்கள் கட்ட முடியாது. வரிச் சட்டத்தில் 280ஈ என்ற பிரிவு அந்தக் கழிவை மறுக்கிறது. வாடகைக்கும் சேர்த்து வரி. அந்தப் பாரமும் நம் தலையில்தான் வரும்.

எச்-1பி, பச்சை அட்டையில் இருக்கிற நம் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாநிலத்தில் அனுமதி என்று நம்பிப் போய்விடாதீர்கள். குடியேற்றம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. தடை செய்த பொருளை எடுத்ததாக ஒப்புக்கொண்டாலே விசாவுக்குச் சிக்கல் வரலாம். நான் குடியுரிமை கைக்கு வந்த பிறகுதான் போனேன். முதலில் குடியேற்ற வக்கீலுக்குக் கொடுத்த பணத்தையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

மீனா_லீமா

வாசகன் சொன்னது நல்ல விஷயம். நாட்டுக்கு நாடு சட்டம் மாற விலையும் மாறுகிறது. பிரேசிலில் சடங்குக்கு அயவாஸ்கா குடிக்கலாம், ஆனால் 2010இல் வந்த விதிப்படி அதை வியாபாரம் செய்யக் கூடாது. அங்கே மதச் சபைகள் செலவைப் பகிர்ந்துகொள்வதோடு நிறுத்த வேண்டும். நெதர்லாந்தில் 2019இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு கதவு அடைபட்டது. இன்றைக்கு ஐரோப்பாவில் யாராவது வாடகை வீட்டில் வாரக் கடைசிச் சடங்கு நடத்தினால், அவர் போலீஸுக்குப் பயப்படுகிற பயத்துக்கும் சேர்த்து நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். அங்கே ஏதாவது ஆனால் ஆம்புலன்ஸைக் கூப்பிடவே தயங்குவார்கள். பெருவில் அந்தத் தயக்கம் இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்பும்போது ஒரு சொட்டுக்கூடக் கையில் எடுத்து வராதீர்கள். கனடாவிலும் இந்தியாவிலும் டிஎம்டி சட்டப்படி தடை.

ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு இபோகா என்ற செடியைப் பற்றியும் இங்கே ஒருவர் முன்பு கேட்டிருந்தார். அதிலிருந்து எடுக்கிற இபோகெய்ன் இதயத் துடிப்பின் தாளத்தையே குலைத்துவிடும். இசிஜி, இதயத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற கருவி, டாக்டர் எல்லாம் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது. அதனால் அதன் விலை முகாம் விலை மாதிரி இருக்காது, ஆஸ்பத்திரி விலை மாதிரி இருக்கும். மலிவாக யாராவது சொன்னால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

---

கார்த்திக்_மிசிசாகா

பதில்கள் வந்துவிட்டன.

முதல் இடம், 950. பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் பதில். "மாத்திரை பிரச்சினை இல்லை, வருவதற்கு மூன்று நாள் முன்னால் நிறுத்திவிடுங்கள், எங்கள் மருந்து எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும்." ஒரு சடங்கில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு "சின்னக் குழு" என்றார்கள். மறுபடி கேட்டேன், "அதிகபட்சம் முப்பது". மற்றக் கேள்விகளுக்குப் பதிலே இல்லை. மூன்று மணி நேரம் கழித்து, மீதிப் பணத்தை இந்த வாரமே கட்டினால் 100 டாலர் தள்ளுபடி என்று செய்தி வந்தது.

மூன்றாவது இடம், 5,600. விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு பெண் போனில் பேசினார். நர்ஸ் இருக்கிறார், மாத்திரை பற்றி அவர் முடிவு செய்வார், முதலில் முன்பணம் கட்டுங்கள் என்றார். வைத்தியருக்கு எவ்வளவு என்று கேட்டதும், அது தன் பிரிவு இல்லை என்றார்.

இரண்டாவது இடம், 2,400. இரண்டு நாள் பதிலே இல்லை. பிறகு நான்கு பக்கப் படிவம் அனுப்பினார்கள். மாத்திரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் மனநோய், கடைசியாக எப்போது ஆஸ்பத்திரியில் படுத்தேன், வீட்டில் யாரிடம் சொல்லியிருக்கிறேன், எல்லாம். நிரப்பி அனுப்பினேன். நேற்று ஒரு அம்மா வீடியோவில் நாற்பது நிமிடம் பேசினார். பத்துப் பேருக்கு இரண்டு வைத்தியர், மூன்று உதவியாளர். வைத்தியர்களின் பங்கைத் தயங்காமல் சொன்னார். கடைசியில், மார்ச்சில் என்னை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். எஸிட்டலோபிராம் இருக்கும்வரை முடியாது, அதை நிறுத்துவது என்றால் அது என் டாக்டரும் நானும் பேசி முடிவு செய்ய வேண்டியது, எங்களுக்காக நிறுத்தாதீர்கள் என்றார். அப்பாவைப் பற்றிக் கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் போனை வைக்க அவசரப்படவே இல்லை.

இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. முதல் இடத்தில் 200 டாலர் மாட்டிக்கொண்டிருக்கிறது.

---

சுகந்தி_ஸ்கார்பரோ

மூன்று நாள் என்பது எந்தக் கணக்கிலும் சரியில்லை, கார்த்திக். அந்த ஒரு வரிக்காகவே அவர்களை விட்டுவிடுங்கள்.

எட்டு மாதமாகக் குளிசை எடுத்தும் இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது என்பதையே முதலில் உங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவு சரியா, அந்தக் குளிசைதான் சரியா, காலையில் எடுக்கிறீர்களா இரவில் எடுக்கிறீர்களா என்று பார்க்க நிறைய இருக்கிறது. துக்கத்துக்கென்றே ஆலோசகர்களும் இருக்கிறார்கள். இங்கே தமிழிலேயே பேசுகிறவர்கள் உண்டு. தமிழில் அழுவது வேறு.

---

மீனா_லீமா

தம்பி, அந்த இரண்டாவது இடத்து அம்மா உங்களோடு பேசிய நாற்பது நிமிடத்தில் 2,400 டாலரை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். மார்ச் மழைக்காலம், படுக்கை காலியாகக் கிடக்கிற மாதம். நான் அந்தக் கணக்கை எழுதியவள், எனக்குத் தெரியும் அது எவ்வளவு வலிக்கும் என்று. எங்கள் இடத்தில் படிவம் அனுப்பியவர்களில் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். திருப்பி அனுப்பிய ஒவ்வொருவரின் செலவும், வந்து சேர்ந்தவர்களின் விலையில்தான் ஏறும். நான் முதல் பதிலில் இதைச் சொல்ல விட்டுவிட்டேன். 950க்குத் தருகிறவரால் யாரையும் திருப்பி அனுப்ப முடியாது.

200 டாலரை ஒரு முறை எழுதிக் கேளுங்கள், மருத்துவக் காரணம் என்று சொல்லுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்காக மறுபடி அவர்களோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்காதீர்கள், பேசப் பேசத் தள்ளுபடி கூடிக்கொண்டே வரும், மனசு தடுமாறும்.

அந்த அம்மாவுக்கு மட்டும் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். மறுப்பு சொன்ன பிறகு யாரும் அவர்களுக்கு எழுதுவதில்லை.

---

கார்த்திக்_மிசிசாகா

எழுதிவிட்டேன் அக்கா. டாக்டரிடம் வியாழக்கிழமை காலை 9 மணிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. சுகந்தி அக்கா, அந்தத் தமிழ் பேசும் ஆலோசகர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தனிச் செய்தியில் சொல்வீர்களா?